திருகோணமலையில் புதிய செடித் தொட்டி: அடியில் எதைப் போடுவது, என்னென்ன கருவி வாங்குவது? காசு கட்டுமுன் கேட்கிறேன்

உவர்மலைத் தம்பி

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு அடித் தொட்டி ஒன்று செய்யக் கொடுத்திருக்கிறேன். 24 அங்குல நீளம், 12 அகலம், 15 உயரம், கண்ணாடி 6 மில்லிமீட்டர். மீனை விடச் செடியில்தான் எனக்கு ஆசை. சின்ன வயதில் கந்தளாய் மாமா வீட்டுக்குப் போனால் வாய்க்கால் கரையில் குந்தியிருந்து, தண்ணீருக்குள் நீளமான இலைகள் ஓட்டத்துக்கு ஆடுவதைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். அது வீட்டுக்குள் வர வேண்டும் என்பது பல வருட ஆசை.

கையில் 45,000 ரூபாய் இருக்கிறது. கொழும்புக் கடை ஒன்றில் பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன்: அக்வா சொயில் (தொட்டிச் செடிக்கென்று விற்கும் மண் மணிகள்) 9 லீட்டர், கனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே நிற்கும் மூடிய கல வடிகட்டி), ஹீட்டர், எல்.ஈ.டி. விளக்கு, காபனீரொட்சைட்டு சிலிண்டர் செட். கூட்டிப் பார்த்தால் கையில் உள்ளதைத் தாண்டுகிறது, வெள்ளிக்கிழமைக்குள் காசு கட்டச் சொல்கிறார்கள். அப்பா வேறு, "மணலுக்கும் காசு கொடுப்பார்களா, நிலாவெளிக்குப் போய் ஒரு உரப்பை அள்ளிக்கொண்டு வா" என்கிறார். வீட்டில் கிணறும் உண்டு, பைப் தண்ணீரும் உண்டு. எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கவே கூடாது?

நிலாவெளி வெள்ளைமணல்

தம்பி, வெள்ளிக்கிழமை காசு கட்டாதீர்கள். பொருள் எங்கும் ஓடிப்போகாது. முதலில் கிணற்றுத் தண்ணீரில் ஒரு போத்தல், பைப் தண்ணீரில் ஒரு போத்தல் பிடித்து, துளி விட்டுப் பார்க்கும் கிட் வாங்கி கே.எச். (அமிலத்தைத் தாங்கும் இருகாபனேற்றின் அளவு), ஜீ.எச். (கல்சியம், மக்னீசியத்தால் வரும் கடினம்), பி.எச். (அமிலமா காரமா என்பது) மூன்றையும் பாருங்கள். கிட் வரும்வரை பொறுமை இல்லையென்றால் கிணற்றுத் தண்ணீர் கொதிக்கிற கேத்தலைத் திறந்து அடியைப் பாருங்கள். எங்கள் வீட்டுக் கேத்தலில் வெள்ளைப் பொருக்கு படிந்திருக்கிறது, கரண்டிக் காம்பால் தட்டினால் முட்டைக் கோது மாதிரிச் சில்லுச் சில்லாகப் பெயரும். அந்தத் தண்ணீரில்தான் நான் அக்வா சொயில் போட்டேன்.

2019இல் நடந்தது. மூன்று அடித் தொட்டிக்கு இரண்டு பெரிய பை. முதல் மாதம் செடிகள் வடிவாக நின்றன, பி.எச். 6.6 காட்டியது. ஒவ்வொரு ஞாயிறும் பாதித் தண்ணீரை மாற்றிக் கிணற்றுத் தண்ணீரை விட்டேன். மூன்றாம் மாதம் 7.4, ஐந்தாம் மாதம் 8. உரச்சத்து கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கும், ஆனால் தண்ணீரை மென்மையாக்கும் வேலையை அது நிறுத்திவிட்டது, நான் அவ்வளவு காசு கொடுத்ததே அந்த வேலைக்காகத்தான். மணிகளும் குழைந்து போய், ஒரு செடியைப் பிடுங்கினால் தொட்டி முழுக்கத் தேத்தண்ணீர் நிறம் பரவும்.

அப்பா சொல்வதும் சரிவராது. எங்கள் கடற்கரை மணலில் சிப்பித் தூளும் முருகைக்கல் துகளும் நிறையக் கலந்திருக்கின்றன. அவை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தண்ணீரை இன்னும் கடினமாக்கும். நம்பாவிட்டால் ஒரு பிடி மணலைக் கழுவிக் காயவைத்து வினாகிரி விடுங்கள், தேசிக்காய்ச் சாறு விட்டாலும் போதும், நுரை வருவது கண்ணுக்குத் தெரியும். கல் எடுத்தாலும் இதே சோதனைதான். அழகாக இருக்கிறதென்று முருகைக்கல்லைத் தொட்டிக்குள் வைக்க வேண்டாம். புறாத்தீவுப் பக்கம் போனால் குனிந்து எதையும் எடுக்கவும் வேண்டாம், அது 2003 முதல் தேசியப் பூங்கா.

வேதியியல் ரீச்சர்

வெள்ளைமணல் அண்ணாவுக்கு நடந்ததன் காரணத்தை எழுதுகிறேன், காரணம் விளங்கினால் பட்டியலைக் குறைப்பது சுலபம்.

அக்வா சொயில் என்பது மட்கிய சத்துள்ள களிமண்ணைச் சுட்டு மணிகளாக்கியது. அது தண்ணீரில் உள்ள கல்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அமிலத்தை விடும், அந்த அமிலம் இருகாபனேற்றைத் தின்னும், அதனால் கே.எச். விழுந்து பி.எச்.சும் இறங்கும். ஆனால் ஒரு பைக்குள் இருக்கும் அந்தச் சக்தி ஓர் அளவுதான். மென்மையான தண்ணீரில் அது ஒரு வருடம், இரண்டு வருடம் தாங்கும். கே.எச். 12, 15 உள்ள கிணற்றுத் தண்ணீரை வாரா வாரம் ஊற்றினால் சில மாதத்தில் தீர்ந்துவிடும். தயாரித்தவர் மேல் பிழை சொல்ல முடியாது, அந்தத் தண்ணீருக்கு அது செய்யப்படவில்லை.

இன்னொரு விடயம், இதைத் தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். புதிய சொயில் முதல் சில வாரங்கள் அமோனியாவை விடும். அமோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும், அயன் வடிவம் மீனை அவ்வளவு தாக்காது, வாயு வடிவம்தான் மீனின் செவுளைச் சுட்டுவிடும். பி.எச். 7இலிருந்து 8க்கு ஏறினால் அந்த விஷப் பங்கு ஏறக்குறைய 10 மடங்காகும், சூடு ஏற ஏற அதுவும் ஏறும். 30 பாகையில், கடினத் தண்ணீரில், புதிய சொயிலோடு இரண்டாம் நாளே மீன் விட்டால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். கடையில் இதைச் சொல்லாமல் விற்பதைப் பார்த்திருக்கிறேன், அதுதான் எனக்கு மனவருத்தம். எந்த அடித்தளம் போட்டாலும் மீன் விட 4 தொடக்கம் 6 வாரம் பொறுக்க வேண்டும். அமோனியாவை நைத்திரைற்றாகவும் அதை நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் ஃபில்டரில் குடியேற அவ்வளவு நாள் எடுக்கும். அமோனியா, நைத்திரைற்று இரண்டும் பூச்சியம் காட்டிய பிறகு மீனுக்குப் போங்கள்.

மூதூர் பச்சை

நான் எதிர்ப்பக்கம். எல்லோரும் சேர்ந்து அக்வா சொயிலைக் கெட்ட பொருள் ஆக்க வேண்டாம். என் தொட்டியில் மூன்றாவது வருடம் ஓடுகிறது, முன்பக்கம் முழுக்கப் பச்சைக் கம்பளம், பார்க்கிறவர்கள் கண்ணாடிக்குள் கை விடப் பார்ப்பார்கள். இரகசியம் ஒன்றும் இல்லை, மாரியில் கூரைத் தண்ணீரைப் பெரிய பிளாஸ்டிக் தாங்கியில் பிடித்து வைத்து, பைப் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து விடுகிறேன். வேர் பிடிக்கும் வேகமும் இலையின் நிறமும் சாதாரண மணலில் வராது. சிவப்புச் செடி, கம்பளச் செடி இரண்டும் ஆசை என்றால் சொயில்தான், கூடவே காபனீரொட்சைட்டும் வேண்டும். தம்பி, உங்களுக்கு எந்தச் செடி பிடிக்கும் என்று இன்னும் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் அடித்தளம் கேட்பது, என்ன கறி என்று சொல்லாமல் என்ன சட்டி என்று கேட்பது மாதிரி.

கிண்ணியா நானா

மூதூர் பச்சை கேட்ட கேள்வி சரியான கேள்வி. தம்பி வாய்க்காலில் பார்த்தது நீள இலை, ஓட்டத்துக்கு ஆடுகிறது என்கிறார். அது வலிஸ்னேரியா மாதிரி ஒன்றாக இருக்கும், கொட்டியாகவும் இருக்கலாம், நம்முடைய பெரியவர்கள் கொட்டிக்கிழங்கு அவித்துத் தின்பார்களே, அதே இனம்தான். இவை இரண்டுக்கும் காசு கொடுத்து வாங்கிய சொயில் வேண்டாம். வலிஸ்னேரியா கடினத் தண்ணீரில் உள்ள இருகாபனேற்றிலிருந்தே தனக்கு வேண்டிய காபனை எடுத்துக்கொள்ளும், அதனால் நம்முடைய தண்ணீரில் அது கொழுத்துப் பரவும்.

நான் 20 வருடமாக ஆற்று மணல்தான். மகாவலி வந்து கொட்டியாரக் குடாவில் விழுகிற ஊர்க்காரன், எனக்கு வேறு மணல் தெரியாது. ஆனால் ஆற்றில் போய் அள்ளாதீர்கள். கட்டட மணல் விற்கும் இடத்தில் ஒரு உரப்பை கேட்டால் தருவார்கள். கடல் மணல் கலக்காதது என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள், வினாகிரி விட்டும் பாருங்கள். வீட்டில் இரண்டு அரிதட்டால் அரியுங்கள், பெரியதில் கல்லும் குச்சியும் தங்கும், மா அரிக்கிற சின்னதில் தூசு கீழே போகும், நடுவில் மிஞ்சுவதுதான் உங்களுக்கு. ரவையை விடப் பெரிது, சவ்வரிசியை விடச் சிறிது, அதாவது 1 தொடக்கம் 2 மில்லிமீட்டர். அதை விடப் பொடியாக இருந்தால் இறுகி வேருக்கு மூச்சு முட்டும், அதை விடப் பெரிதாக இருந்தால் தீன் இடுக்கில் விழுந்து அழுகும்.

கழுவுவதில் அவசரப்பட வேண்டாம். ஒரு தடவைக்கு அரைப் பேசனுக்கு மேல் போடாதீர்கள், கையை முழங்கை வரை விட்டுக் கிளறி, தண்ணீர் கலங்கியதும் உடனே சாய்த்து ஊற்றுங்கள். முதல் நாலு தண்ணீர் செம்மண் கரைசல் மாதிரி இருக்கும், எட்டாவது தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி, பத்துப் பன்னிரண்டில்தான் கையின் ரேகை அடியில் தெரியும். அதுவரை நிறுத்த வேண்டாம்.

அளவு: 24க்கு 12, சராசரி இரண்டு அங்குலம் என்றால் 576 கன அங்குலம், ஒன்பதரை லீட்டர் வரும், எடை 15 கிலோ மட்டில். முன்பக்கம் ஒன்றரை, பின்பக்கம் இரண்டரை அங்குலமாகச் சரித்து விடுங்கள், ஆழம் அதிகமாகத் தெரியும், பின்னால் நிற்கும் பெரிய செடிக்கும் வேர் ஓட இடம் கிடைக்கும்.

மணலில் சத்து இல்லை என்பது உண்மைதான். அதற்கு வேர் உரக் குளிகை. மெதுவாகக் கரையும் உருண்டை உரத்தை மருந்துக் கடையில் கிடைக்கும் வெற்றுக் கப்சூலில் போட்டு, செடிக்குப் பக்கத்தில் ஒன்றரை, இரண்டு அங்குலம் ஆழத்தில் இடுக்கியால் புதைத்துவிடுவேன். ஐந்து அங்குலத்துக்கு ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. மேலே கிடந்தால் பாசியும் அமோனியாவும் வரும், ஆழமாகப் போக வேண்டும்.

உவர்மலைத் தம்பி

நானா, ரீச்சர், அண்ணா, எல்லோருக்கும் நன்றி. காசு கட்டவில்லை. கிட் வந்தது, இன்று பின்னேரம் பார்த்தேன்.

கிணறு: கே.எச். 14, ஜீ.எச். 18, பி.எச். 7.8.
பைப்: கே.எச். 5, ஜீ.எச். 6, பி.எச். 7.4.

ஒரே வீட்டில் இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எங்களுக்குப் பைப்பில் வருவது கந்தளாயில் சுத்திகரித்த தண்ணீர், அதனால்தான் போல. நான் வாய்க்கால் கரையில் பார்த்த அதே தண்ணீர் என்று நினைக்கச் சந்தோசமாக இருந்தது.

செடி: வலிஸ்னேரியா கட்டாயம். கம்பளம் இப்போதைக்கு வேண்டாம். வேறு என்ன போடலாம்?

இரண்டு கேள்விகள். புல்மோட்டையில் சித்தப்பா இருக்கிறார், அங்குள்ள கறுப்பு மணலில் இரும்பு இருக்கிறதாம், செடிக்கு நல்லதாம், கொண்டு வரட்டுமா என்று கேட்கிறார். அடுத்தது, தம்பலகாமத்தில் எங்களுக்கு வயல் இருக்கிறது. மணலுக்குக் கீழே ஒரு அங்குலம் வயல் மண் போட்டால் குளிகை தேவைப்படாதுதானே?

வேதியியல் ரீச்சர்

கறுப்பு மணல் வேண்டாம். அது இல்மனைட்டு, இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனோடு சேர்ந்த கனிமம். அதற்குள் இருக்கும் இரும்பு தண்ணீரில் கரையாது, செடிக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. பொடியாகவும் பாரமாகவும் இருப்பதால் இறுகிவிடும், சாதாரண மணலின் அடர்த்தி 2.65 என்றால் இல்மனைட்டுக்கு 4.7 வரும். அதோடு அது அரசு அகழ்ந்து ஏற்றுமதி செய்யும் கனிய மணல், வீட்டுக்கு அள்ளி வரும் பொருள் அல்ல. சித்தப்பாவுக்கு என் அன்பைச் சொல்லிவிடுங்கள்.

இரும்பு வேண்டுமென்றால் செடிக்கென்று விற்கும் திரவ இரும்பு உரத்தை வாரத்துக்குச் சில மில்லிலீட்டர் விடுங்கள், புதிய இலை நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் வந்தால் மட்டும்.

நிலாவெளி வெள்ளைமணல்

வயல் மண் பற்றி நான் சொல்கிறேன், அதையும் செய்து பார்த்தவன். யூரியா போட்டு மூன்று கிழமை ஆன வயலில் எடுத்தது என்று எனக்குத் தெரியாது. அமோனியா ஒன்றரை மாதம் இறங்கவே இல்லை. பிறகு அடியில் இருந்து குமிழி வர ஆரம்பித்தது, ஒரு குமிழி மேலே வந்து உடைந்தால் கூழ்முட்டை நாற்றம் கூடம் முழுக்க. ஒட்சிசன் போகாத சேற்றில் உண்டாகும் ஐதரசன் சல்பைட்டு அது.

மண் தொட்டி நல்ல முறைதான், வருடக் கணக்காக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உரமும் பூச்சிமருந்தும் படாத மண் வேண்டும், அதை நனைத்துக் காயவைத்து, நனைத்துக் காயவைத்து, நாலைந்து தடவை செய்ய வேண்டும், ஒரு அங்குலத்துக்கு மேல் போகவும் கூடாது. முதல் தொட்டிக்கு இது வேண்டாம் தம்பி. ஒரு செடியை இடம் மாற்றினாலே மண் மேலே வந்துவிடும், புதியவர்கள் வாரம் ஒரு தடவையாவது இடம் மாற்றுவார்கள், நானும் அப்படித்தான் இருந்தேன்.

மணல் மட்டும் போட்டாலும் மாதத்துக்கு ஒரு தடவை ஈர்க்கால் அங்கங்கே குத்தி விடுங்கள். விளக்குமாற்று ஈர்க்கு போதும்.

கிண்ணியா நானா

செடிக்குப் பதில் சொல்கிறேன். கிரிப்டோகொரைன் வெண்டிடி (Cryptocoryne wendtii) போடுங்கள். உலகம் முழுக்கத் தொட்டிகளில் இருக்கிற இந்தச் செடி நம்முடைய நாட்டுக்கு மட்டுமே உரியது, ஓடைகளில் தானாக வளர்வது. கிரிப்டோகொரைன் எல்லாவற்றிலும் சின்னதான பார்வாவும் இலங்கைக்கே உரியதுதான், அதை முன்பக்கம் நடலாம், மெதுவாக வரும், பொறுமை வேண்டும். ஆற்றில் போய்ப் பிடுங்க வேண்டாம், பண்ணையில் வளர்த்தது கடையில் தாராளமாகக் கிடைக்கிறது. அதோடு மரக்கட்டையில் கட்ட ஜாவா ஃபேர்ன், அனுபியாஸ். இவை இரண்டின் தண்டையும் மணலுக்குள் புதைத்தால் அழுகிவிடும், நூலால் கட்டி விடுங்கள், தானாகப் பிடித்துக்கொள்ளும். முதல் இரண்டு மாதத்துக்கு ஹைட்ரிலா ஒரு கட்டு, பள்ளிக்கூடத்தில் ஒளித்தொகுப்புக்குக் குமிழி எண்ணியிருப்பீர்கள், அதே செடி. வேகமாக வளர்ந்து மிச்சச் சத்தைக் குடித்துவிடும், பாசிக்கு ஒன்றும் மிஞ்சாது.

மீன் பிறகு பார்க்கலாம். பைப் தண்ணீரில் கப்பி, பிளாட்டி இரண்டும் சந்தோசமாக இருக்கும்.

மூதூர் பச்சை

சரி, வலிஸ்னேரியாவும் வெண்டிடியும் என்றால் நானும் மணலுக்கே கை தூக்குகிறேன். பைப் தண்ணீர் கே.எச். 5 என்பது நல்ல தண்ணீர், பிறகு ஒரு நாள் கம்பளம் ஆசை வந்தால் அப்போது சொயிலுக்கு வாருங்கள், அந்தத் தண்ணீரில் சொயில் வேலை செய்யும். பைப் தண்ணீரில் குளோரின் இருக்கும், அன்டி குளோரின் துளி விட்டு ஊற்றுங்கள், அல்லது வாளியில் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். அவசரத்தில் நேரே பைப்பைப் பிடித்தால் ஃபில்டரில் இருக்கிற பற்றீரியா சாகும்.

பட்டியலில் ஹீட்டர் என்று பார்த்தேன். வெட்டிவிடுங்கள். மார்கழி மழையிலும் என் தொட்டி 25க்குக் கீழே இறங்கியதில்லை. நம்முடைய பிரச்சினை மற்றப் பக்கம். வைகாசியில் கச்சான் காற்று தொடங்கினால் பகல் 2 மணிக்குத் தொட்டி 32 காட்டும். 25 பாகையில் ஒரு லீட்டர் தண்ணீர் 8.2 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்கும், 30இல் ஏழரைதான். மீன் மேலே வந்து வாய் பிளக்கும், வெண்டிடி இலை கரையும்.

அதற்குச் சின்ன மின்விசிறி. கம்பியூட்டருக்குள் இருக்கிற 12 வோல்ட்டு விசிறி இரண்டைத் தொட்டியின் விளிம்பில் சாய்த்துக் கட்டி, தண்ணீரின் மேற்பரப்பைத் தடவிப் போகிற மாதிரிக் காற்றை விடுங்கள். ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும், 2 தொடக்கம் 3 பாகை இறங்கும், கச்சான் காய்ந்த காற்று என்பதால் நன்றாகவே வேலை செய்யும். ஒன்றை மறக்க வேண்டாம்: ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும், உப்பும் கல்சியமும் தொட்டிக்குள்ளேயே இருக்கும். குறைந்த அளவை ஈடுசெய்ய மழைத் தண்ணீர் விட்டால் கே.எச். ஏறாது. கிணற்றுத் தண்ணீரை விட்டு விட்டு நிரப்பினால் ஒரு கோடை முடிவதற்குள் உங்கள் தொட்டியும் கிணறாகிவிடும்.

கண்ணாடி வேலை

நான் தொட்டி செய்கிறவன், செடி பற்றி அதிகம் தெரியாது, ஆனால் தொட்டியை மேலே வைக்கும் தாங்கியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அந்த அளவுக்கு வெற்றுத் தொட்டி 13 கிலோ வரும், தண்ணீர் 60 லீட்டர், மணல் 15 கிலோ, கல்லும் கட்டையும் சேர்த்தால் 90 கிலோவைத் தாண்டும். வளர்ந்த ஆள் ஒருவர் இருபத்துநாலு மணி நேரமும் மேசை மேல் நிற்பதாக நினைத்துப் பாருங்கள். படிக்கிற மேசை தாங்காது. இரும்பில் தாங்கி அடித்தால் நல்ல பெயின்ற் இரண்டு பூச்சுப் பூசுங்கள், நம்முடைய உப்புக் காற்றில் கறல் பிடிக்கும். நீர்மட்டம் வைத்து நாலு மூலையும் பாருங்கள். தொட்டிக்கும் பலகைக்கும் நடுவில் அரை அங்குல ரெஜிஃபோம் கட்டாயம். நான் பார்த்த வெடித்த தொட்டிகளில் பாதிக்கு மேல் அடியில் ஒரு மணல் மணி, ஒரு ஆணித் தலை.

நிரப்பியதும் வெளியில் ஒரு நாள் வைத்துக் கசிவு பார்த்துவிட்டு உள்ளே கொண்டு போங்கள். நிரம்பிய தொட்டியைத் தூக்க வேண்டாம்.

உவர்மலைத் தம்பி

அண்ணா, படிக்கிற மேசையில்தான் வைக்க இருந்தேன். இரும்புத் தாங்கிக்குச் சொல்லிவிட்டேன்.

இப்போது ஹீட்டர் போனது, சொயில் போனது, சிலிண்டர் போனது. மிச்சம் ஃபில்டரும் விளக்கும். கனிஸ்டர் தேவையா?

நிலாவெளி வெள்ளைமணல்

60 லீட்டருக்குக் கனிஸ்டர் அதிகம். மணிக்கு 300 தொடக்கம் 400 லீட்டர் ஓடுகிற, தொட்டி விளிம்பில் தொங்கும் ஹாங் ஒன் ஃபில்டர் ஒன்று, கூடவே ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். இரண்டாவது எதற்கென்றால் கரண்ட் போவதற்கு. 2022 பங்குனி கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது என்னிடம் கனிஸ்டர்தான் இருந்தது. ஓட்டம் நின்றால் மூடிய கலத்துக்குள் உள்ள ஒட்சிசனைப் பற்றீரியாக்கள் தாங்களே குடித்து முடித்துவிட்டுச் சாகும். எனக்கு அது தெரியாது. கரண்ட் வந்ததும் அது தானாக ஓடத் தொடங்கி உள்ளே கிடந்த அழுகல் தண்ணீர் முழுவதையும் தொட்டிக்குள் தள்ளியது. காலையில் பார்த்தபோது ஒன்பது ஏஞ்சல் மீன்கள் மிதந்தன, நாலு வருடமாக நான் குஞ்சிலிருந்து வளர்த்தவை. இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் கஷ்டப்படுகிறது.

ஸ்பாஞ்ச் தொட்டிக்குள்ளேயே இருப்பதால் அப்படி மூடி அழுகாது. ரீசார்ஜ் பண்ணுகிற காற்றுப் பம்பு ஒன்று வாங்கி அதோடு இணையுங்கள், கரண்ட் போனதும் தானாக ஓடத் தொடங்கும் வகை கிடைக்கிறது. எதை வாங்கினாலும் நீண்ட நேரம் நின்ற ஃபில்டரைத் தொட்டித் தண்ணீரில் அலசாமல் திரும்ப ஓட விடாதீர்கள்.

மூதூர் பச்சை

விளக்கு: லீட்டருக்கு 20 தொடக்கம் 25 லூமன் (வெளிச்சத்தின் அளவு) போதும், உங்களுக்கு 1,500 லூமன் மட்டில். அக்வேரியம் என்று பெயர் போட்ட விளக்குக்குக் காசு இல்லாவிட்டால் 20 வாட் எல்.ஈ.டி. ஃப்ளட் விளக்கு, 6,500 கெல்வின் வெள்ளை, ஈரம் புகாத வகை. சுவரில் கை ஒன்று அடித்துத் தொங்க விடுங்கள். கடையில் பார்க்க வேண்டியது பெட்டியில் எழுதியிருக்கும் லூமன், வாட் எண்ணை நம்ப வேண்டாம். டைமர் கட்டாயம். முதல் மாதம் ஆறு மணி நேரத்துக்கு மேல் எரிய விடாதீர்கள். சிலிண்டர் இல்லாத தொட்டியில் வெளிச்சத்தைக் கூட்டினால் கண்ணாடியில் பச்சைப் பாசிதான் அறுவடை.

வயர் ஒவ்வொன்றும் பிளக்கை விடத் தாழ்ந்து தொங்கி ஏறிப் போக வேண்டும், வழிகிற தண்ணீர் அந்தத் தாழ்வில் சொட்டி விழும், பிளக்குக்குள் போகாது. வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டுத் தொட்டியில் கை விடுங்கள்.

உவர்மலைத் தம்பி

ஐந்து கிழமைக்குப் பிறகு வருகிறேன். தொட்டி ஓடுகிறது. ஆற்று மணல் 15 கிலோ, பன்னிரண்டு தண்ணீர் கழுவினேன் நானா, அப்பாவும் சேர்ந்து பேசன் பிடித்தார். ஹாங் ஒன், ஸ்பாஞ்ச், ரீசார்ஜ் பம்பு, ஃப்ளட் விளக்கு, டைமர், இரண்டு விசிறி, தாங்கி, செடிகள், கிட் எல்லாம் சேர்த்தும் 45,000இல் மிச்சம் இருக்கிறது. அமோனியாவும் நைத்திரைற்றும் நாலு நாளாகப் பூச்சியம்.

வலிஸ்னேரியா ஓடிப் பிடித்துவிட்டது, மணலுக்கு மேல் வேர் ஓடி நாலு குட்டி விட்டிருக்கிறது. ஆனால் வெண்டிடி ஏழு செடியும் முதல் கிழமையிலேயே கண்ணாடி மாதிரி ஆகிக் கரைந்து காம்பு மட்டும் நிற்கின்றன. பிடுங்கிவிட்டு வேறு வாங்கவா? ஹைட்ரிலாவும் நிறைந்துவிட்டது, வெட்டியதைப் பக்கத்து வாய்க்காலில் விடலாமா?

கிண்ணியா நானா

பிடுங்காதீர்கள், பிடுங்காதீர்கள். பண்ணையில் தண்ணீருக்கு வெளியே வளர்த்த இலை அது, தண்ணீருக்குள் வந்ததும் அந்த இலையைக் கைவிட்டுப் புதிதாக விடும். இடம் மாறினாலே வெண்டிடி இப்படித்தான். வேர் உயிரோடு இருக்கும். கரைந்த இலையை மட்டும் கத்தரித்து எடுங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குளிகை புதையுங்கள், கை வைக்காமல் இருங்கள்.

வேதியியல் ரீச்சர்

வாய்க்காலில் விட வேண்டாம், எந்தத் தொட்டிச் செடியையும், எந்த மீனையும். ஆகாயத்தாமரையும் (ஆற்றுவாழை) சல்வீனியாவும் நம்முடைய குளங்களை மூடியது யாரோ கொண்டு வந்ததால்தான், ஆகாயத்தாமரைக்கென்றே 1909இல் தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. வெட்டியதை நல்ல வெயிலில் காயவைத்துத் தென்னைக்கு அடியில் போடுங்கள்.

உவர்மலைத் தம்பி

காயவைத்துவிட்டேன் ரீச்சர்.

நானா, இன்று காலை விளக்கு எரிய முன் டோர்ச் அடித்துப் பார்த்தேன். மூன்றாவது காம்பின் அடியில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு சுருள், தீக்குச்சித் தலையளவு. பின்னேரம் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து ஐந்தாவதிலும் ஒன்று இருக்கிறது என்று காட்டினார். மற்ற ஐந்திலும் இன்னும் ஒன்றும் இல்லை, குளிகை வைத்துவிட்டு விட்டிருக்கிறேன்.